கல்தொட்டியில் கரைந்த பீடிங்

என் அத்தையைப் பெண் பார்க்க மாரண்டஹள்ளியிலிருந்து வந்தவர்கள், அத்தையைப் பார்த்ததைவிட எங்கள் காரைப் பார்த்த நேரம்தான் அதிகம். அத்தை காபித் தட்டோடு வந்தாள், வைத்தாள், காட்டிய பக்கம் விழுந்து கும்பிட்டாள், உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு தலையாட்டலோடு அதை முடித்துக்கொண்டார். அப்புறம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு காரைச் சுற்ற ஆரம்பித்தார். கதவைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், சீட்டில் உட்கார்ந்து குதித்துப் பார்த்தார், ஹாரனை அடித்துப் பார்த்தார். மாப்பிள்ளை அவருக்குப் பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு போனார். நிறுத்தின இடத்தில் நிற்கிற மனிதர் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் வீடு அதியமான்கோட்டையில், சேலம் ரோட்டை ஒட்டி இருந்தது. அப்பாவுக்கு வாடகைக் கார் ஓட்டுவதுதான் தொழில். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போன பெரிய கார், பல கை மாறி அப்பாவிடம் வந்து சேர்ந்திருந்தது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே அதை நிறுத்திக்கொண்டு அப்பா காத்திருப்பார். பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதில்தான், மாப்பிள்ளை ஊர்வலமும் அதில்தான், அஸ்தி கரைக்க ஒகேனக்கல் போவதும் அதில்தான். எங்கள் வீட்டில் உலை கொதிப்பதும் அதனால்தான்.

காரின் இரண்டு பக்கமும் முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரைக்கும் அலுமினியப் பட்டைகள் ஓடும். கார்க்காரர்கள் அதை பீடிங் என்பார்கள். வாங்கும்போதே அது வெளுத்துப் புள்ளி புள்ளியாகப் பூத்துப்போயிருந்தது. அப்பா அதைத் தேய்க்காத பொருள் கிடையாது. அடுப்புச் சாம்பல், விபூதி, கடைசியில் எங்கள் பல்பொடி. பல்பொடியெல்லாம் காருக்குப் போனால் பிள்ளைகள் பல்லை என்னத்தைக் கொண்டு விளக்குவார்கள் என்று அம்மா கேட்பாள். அப்பாவுக்கு அது காதில் விழாது. பீடிங்கும் மசியாது.

பெண் பார்த்த அன்றைக்கு, சுற்றிப் பார்த்து முடித்தவர்கள் மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தரகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மாப்பிள்ளை காய்கறி மண்டியில் நாலு பேர் மதிக்க நடமாட வேண்டியவர், அவருக்கு ஒரு வண்டி இருந்தால் நன்றாக இருக்கும் என்று இழுத்தார். எந்த வண்டி என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அப்பா யோசித்திருக்கலாம். ஒரு நாள் கழித்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். அத்தைக்கு முன்பு வந்த இடங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்துக்காகத் தட்டிப்போயிருந்தன. தாத்தாவும் ஆயாவும் போன பிறகு அத்தையை வளர்த்தது அப்பாதான். அதையெல்லாம் தரகர் வீட்டுக்குள் நுழையும்போதே ஞாபகப்படுத்திவிட்டார்.

"காருதானுங்க? கல்யாணத்தன்னிக்கு சாவியக் குடுத்துடறேன்," என்றார் அப்பா.

சமையலறையில் அம்மிச் சத்தம் நின்றது. காரைக் கொடுப்பதா? எங்கள் காரையா? எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் கொடுக்க முடியாத பொருள் ஒன்று உண்டென்றால் அதுதான். அப்பா ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா, அந்த மாரண்டஹள்ளிக்காரர்தான் சிரித்தார்.

கிளம்பும்போது அவர் பீடிங்கின்மேல் விரலை ஓட்டி, விரல் நுனியைப் பார்த்து முகம் சுளித்தார். "இதெல்லாம் பூத்துப் போயிருக்குதுங்களே. வெளக்கி வையுங்க. நிச்சயத்துக்கு வரப்ப நம்ம மொகம் அதுல தெரியணும்."

அப்பா சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குகிறவர் இல்லை. ஊர் முழுக்க அப்படிப் பேர் எடுத்து வைத்திருந்தார், அந்தப் பேர்தான் இப்போது எங்கள் கழுத்துக்கு வந்தது. அம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்தால், நாத்தனார் நன்றாக வாழ்வது அண்ணிக்காரிக்குப் பொறுக்கவில்லை என்று அடுத்த நாளே தெருக்குழாயில் பேச்சாகிவிடும். அதனால் அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். "உங்கப்பாவ சாப்பட வரச் சொல்லு" என்று என்னிடம் சொல்வாள். அப்பா எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். "வரேன்னு உங்கம்மாட்ட சொல்லு" என்பார். இருவருக்கும் நடுவில் நான் தபால்காரி ஆனேன்.

அத்தை மட்டும் ஒரு தடவை கேட்டாள். அப்பா காரின் அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். அத்தை குனிந்து, அவர் கால்களைப் பார்த்துத்தான் பேசினாள்.

"காரு போயிட்டா நீங்க என்னண்ணா பண்ணுவீங்க?"

"லாரிக்குப் போவேன். பம்பாய் லைன்ல ஆளு கேக்கறாங்க."

"புள்ளைங்க?"

"உனக்கெதுக்கு அது? நீ போயி நல்லா இரு."

அத்தை கொஞ்ச நேரம் அங்கேயே குனிந்தபடி நின்றாள். அப்பா வெளியே வரவில்லை. எங்கள் தெருவிலேயே ஒருவர் பம்பாய் லைனுக்கு லாரி ஓட்டப் போயிருந்தார். அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவருடைய பிள்ளைகள் யாரோ புது ஆள் என்று அழுதுகொண்டு அடுப்படியில் போய் ஒளிந்துகொள்ளும். அதை நினைத்துக்கொண்டு நான் எங்கள் தெருப் பிள்ளையாரிடம் ஒரு வேண்டுதல் வைத்தேன். என்ன வேண்டினேன் என்றால், பீடிங் பளபளக்கக் கூடாது என்றுதான். முகம் தெரியாவிட்டால் அவர்கள் காரை வேண்டாம் என்பார்கள் இல்லையா?

பிள்ளையார் காதுகொடுக்கவில்லை போலிருந்தது. நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பா தர்மபுரியிலிருந்து டிங்கர் பாயைக் கூட்டிவந்தார். ஒடுங்கிய மட்கார்டை நிமிர்த்துவதிலிருந்து விளக்கின் வளையத்துக்கு பாலிஷ் போடுவது வரைக்கும் அவர்தான் அப்பாவுக்குச் செய்து தருவார். கத்திக்குச் சாணை பிடிக்கிற மிதிச்சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். அதில் கல் இருக்க வேண்டிய இடத்தில் துணிகளை அடுக்கித் தைத்த ஒரு தட்டு இருந்தது.

முதலில் பானெட்டின் நடுவிலிருந்த சின்ன பீடிங்கைக் கழற்றினார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஒரே திசையில் தேய்த்தார். பிறகு சக்கரத்தை மிதித்துக்கொண்டே துணித் தட்டின்மேல் ஒரு மெழுகுக் கட்டியைக் காட்டி, பீடிங்கை அதில் அழுத்தினார். கரியாக அழுக்கு கிளம்பியது. இதையா மினுக்கப்போகிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன். அவர் சாக்கட்டித் தூளைத் தூவி ஒரு பழைய வேட்டித் துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். அதில் என் மூக்கு தெரிந்தது, பின்னால் வேப்பமரம் தெரிந்தது, அதற்குப் பின்னால் கிணற்றடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அத்தை தெரிந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழகாக இருந்தது என்பதுதான் கொடுமை.

பக்கவாட்டுப் பட்டைகள் அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. உப்புத்தாள் தேய்ந்ததே தவிர புள்ளி போகவில்லை. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கெட்டித் தோல் இருக்கிறதாம், கம்பெனியிலேயே ஏற்றி அனுப்பியதாம், அதை உரித்தால்தான் பாலிஷ் ஏறும் என்றார் பாய். உரிப்பதற்குக் காஸ்டிக் சோடா வேண்டும்.

அது எங்கள் வீட்டிலேயே இருந்தது. அம்மாவும் அத்தையும் புங்க எண்ணெயில் துணி சோப்பு காய்ச்சுவார்கள். அதற்காக ஒரு தகர டின் நிறையக் காஸ்டிக் இருக்கும். மண்பானையில்தான் கரைப்பார்கள், கட்டையால்தான் கிண்டுவார்கள். போன வருஷம் அத்தை கை தவறி, சோற்றுக் குண்டானின் அலுமினிய மூடியை அந்தப் பானைக்குள் போட்டுவிட்டாள். புஸ்ஸென்று பொங்கி, கட்டையால் எடுத்துப் போடுவதற்குள் மூடியெல்லாம் ஓட்டை. அம்மா அரைநாள் திட்டினாள். அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சோறு வடிக்க நல்லாருக்கும் போ" என்றார். அம்மா அதை நிஜமாகவே புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, வடிதட்டாக வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சோறு அதில்தான் வடிந்தது. அடுப்புக்கு மேலே ஆணியில் எப்போதும் அது தொங்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் பாய் எல்லாப் பட்டைகளையும் கழற்றினார். கழற்றியதும் காரைப் பார்க்கச் சகிக்கவில்லை. கறுப்புப் பெயிண்ட் பிற்பாடு அடித்தது. பீடிங்குக்கு அடியில் வெள்ளைக்காரர் காலத்துப் பச்சை நிறம் அப்படியே இருந்தது. அந்தப் பச்சைக் கோடு முழுக்க கிளிப் மாட்டுகிற ஓட்டைகள், ஓட்டையைச் சுற்றித் துரு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள் எல்லாம் பளபளவென்று மேலே ஏறிவிடும் என்று பாய் தைரியம் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் அப்பா அந்தக் கோலத்திலேயே காரை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போனார்.

பாய் அன்று காலை முழுதும் மற்ற சின்ன வேலைகளைப் பார்த்தார். மத்தியானம் தொழுகைக்குத் தர்மபுரிக்குப் போக வேண்டியிருந்தது. சைக்கிளில் ஏறுவதற்கு முன் அம்மாவையும் அத்தையையும் கூப்பிட்டுச் சொன்னார். அப்போது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"தொட்டி நெறைய தண்ணிக்கு ஒரு கொட்டாங்குச்சி தூள் போதும்மா. பட்டை மேல பொடிசா நுரை கட்டும். கட்டினதும் எடுத்துப் புளித்தண்ணில போட்டுடணும். அசந்துட்டா அலுமினியத்தையே தின்னுடும்."

அத்தை சரி பாய் என்றாள். அவர் சைக்கிள் ரோட்டில் திரும்பும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிணற்றடியில் ஒரு நீளமான கல்தொட்டி இருந்தது. தாத்தா காலத்தில் மாடுகள் வரிசையாக நின்று தண்ணீர் குடித்த தொட்டி. அத்தை கிணற்றிலிருந்து இறைத்து அதை நிரப்பினாள். பாய் தொட்டி நிறைய என்றார், அத்தை பாதியோடு நிறுத்திக்கொண்டாள். டின்னைத் தூக்கிவந்தாள். நான் கொட்டாங்குச்சியை நீட்டினேன். அத்தை அதை வாங்கவில்லை. டின்னை அப்படியே சாய்த்தாள். வெள்ளைத் தூள் முழுக்கத் தண்ணீருக்குள் போய் விழுந்தது.

"அத்தே, பாயி ஒரு கொட்டாங்குச்சின்னாரு."

"தெரியும் கண்ணு. தள்ளி நில்லு."

அவள் பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வளையாமல், ஒன்றின்மேல் ஒன்று படாமல் உள்ளே வைத்தாள். அவசரமே இல்லை. பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி வைத்தாள். பிறகு கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்து அந்தத் தண்ணீர் பட்ட கையை முந்தானையால் சுற்றிக்கொண்டாள்.

முதலில் நுரை கட்டியது. பாய் சொன்ன மாதிரியே பொடிசாக. எடுக்கணும் அத்தே என்றேன். அத்தை அசையவில்லை. நுரை பெரிதானது. தண்ணீருக்குள் பட்டைகள் இருக்கும் இடமே தெரியாமல் கொதிக்க ஆரம்பித்தது. கீழே நெருப்பில்லை, ஒரு சுள்ளி இல்லை, ஆனாலும் தண்ணீர் கொதித்தது. புகை மாதிரி ஆவி கிளம்பி மூக்கைக் கரித்தது. உஸ்ஸென்ற சத்தம் வேறு. தொட்டிக் கல்லைத் தொட்டால் சுடும்போல அனல் அடித்தது. ஒரு கம்பை எடுத்துக்கொண்டு பட்டையைத் தூக்கலாம் என்று ஓடினேன். அத்தை பாய்ந்து வந்து என்னை இடுப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டாள்.

"கிட்டப் போவாத. கையி வெந்துபோயிடும்."

"அம்மா," என்று நான் கத்தினேன். "அம்மா, பீடிங்கு போவுது."

அம்மா பின்கட்டு வாசலுக்கு வந்தாள். ஒரு கையில் புளி கரைத்த சட்டி. தொட்டியைப் பார்த்தாள், காலியான டின்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். இப்போது சட்டியோடு ஓடி வருவாள், திட்டுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று நான் காத்திருந்தேன். மூடி ஓட்டையானதற்கே அரைநாள் திட்டியவள் அல்லவா.

"ஒலை கொதிக்குது," என்றாள் அம்மா. அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள். கதவும் சாத்திக்கொண்டது.

எனக்கு அந்த நேரத்தில் பைத்தியம் பிடித்தது எனக்கா அவர்களுக்கா என்று விளங்கவில்லை. கார் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டவள்தான் நான். ஆனாலும் கண்ணெதிரே ஒரு பொருள் அழிவதைப் பெரியவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது, என்னால் தாங்க முடியாத விஷயமாக இருந்தது. அத்தையின் இடுப்பில் இருந்தபடியே நான் அழுதேன். அவளுடைய நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.

பாய் வந்து பார்த்தபோது தொட்டி அடங்கியிருந்தது. தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. அவர் "யா அல்லா" என்று சொல்லி இரண்டு கம்புகளால் துழாவி ஒரு பட்டையை எடுத்தார். அது கரிப்பிடித்து, ஓரமெல்லாம் தின்னப்பட்டு, தோசையின் முறுகல் மாதிரி மெலிந்து போயிருந்தது. தரையில் வைக்கும்போதே உடைந்தது. இன்னொன்று தூக்கும்போதே உடைந்தது.

அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. சொல்லிவிட்டுத்தானே போனேன் அம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறந்துவிட்டேன் பாய் என்றாள் அத்தை. எதை மறந்தாள்? தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தவள் எதை மறந்தாள்? நான் வாயைத் திறப்பதற்குள் ரோட்டில் எங்கள் கார் ஹாரன் கேட்டது.

அப்பா தனியாக வரவில்லை. மாரண்டஹள்ளிக்காரர் ஏதோ வேலையாகத் தர்மபுரிக்கு வந்திருக்கிறார், கூடவே தரகரும். பஸ் ஸ்டாண்டில் எங்கள் காரைப் பார்த்துவிட்டார்கள். பச்சைக் கோடும் துருப்பிடித்த ஓட்டையுமாக நின்ற அதைப் பார்த்து அவர் முகம் மாறியிருக்கிறது. பீடிங் வீட்டில் தங்கமாக மின்னிக்கொண்டிருக்கிறது, வந்து நீங்களே பாருங்கள் என்று அப்பா அவர்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதை அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டேதான் கிணற்றடிக்கு நடந்து வந்தார்.

வந்த அப்பா அப்படியே நின்றார். தொட்டியையும் தரையில் கிடந்த கரித் துண்டுகளையும் பார்த்தார். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை முந்திக்கொண்டாள்.

"பாயி சரியாத்தாண்ணா சொல்லிட்டுப் போனாரு. நாந்தான் கூறு கெட்டத்தனமா டின்ன அப்பிடியே கொட்டிட்டேன்."

மாரண்டஹள்ளிக்காரர் சும்மா இருக்கவில்லை. மண்டியில் சரக்கைப் பார்த்த பார்வையில் எடை சொல்கிறவர் அவர். காலி டின்னைக் காலால் புரட்டினார். அத்தையை மேலும் கீழும் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

"மறந்து பண்ண மாதிரித் தெரியலீங்களே. வேணும்னே பண்ண மாதிரியில்ல இருக்குது," என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அப்பா அத்தையை அறைந்தார்.

அப்பா யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. என்னை அடித்ததில்லை, நாயை அடித்ததில்லை, வாடகை தராமல் ஓடியவனைப் பிடித்தபோதுகூட அடித்ததில்லை. அந்தக் கை அத்தையின் கன்னத்தில் விழுந்த சத்தத்தில் கிணற்றுக் கம்பத்தில் இருந்த காக்கை எழும்பிப் பறந்தது. அத்தை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொட்டி விளிம்பைப் பிடித்து நின்றாள். பட்டை கரைந்ததோ தண்ணீர் கொதித்ததோ எதுவும் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"கூறு கெட்ட கழுத," என்று அப்பா கத்தினார். "ஒரு வேலய ஒழுங்கா செய்யத் தெரியுதா? மூடிய ஓட்ட பண்ணின, இப்ப காரயே தின்னுட்ட. வயசுதான் ஆவுது, புத்தி எங்க வருது?"

ரோட்டில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அத்தை தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். தரகர் நடுவில் புகுந்து, விடுங்க விடுங்க, பொம்பளைப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டது என்று அப்பாவின் கையைப் பிடித்தார். மாரண்டஹள்ளிக்காரரும் கொஞ்சம் அடங்கிப்போனார். வேறு பீடிங் போட முடியுமா என்று பாயைக் கேட்டார். இந்த ஜாதி வண்டிக்கு இனிமேல் மெட்ராஸிலே தேடினாலும் கிடைக்காது என்றார் பாய். மாரண்டஹள்ளிக்காரர் மறுபடி ஒரு தடவை காரைப் பார்த்தார். பச்சைக் கோடு, ஓட்டை, துரு. பிறகு அப்பாவிடம், நல்ல நாளில் இப்படி ஆவது அவ்வளவு நன்றாகப் படவில்லை, வீட்டில் கலந்து சொல்லி அனுப்புகிறோம் என்றார். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்று ரோட்டில் நின்று பஸ் ஏறிப் போனார்கள். சொல்லி யாரும் அனுப்பவில்லை.

அன்று பொழுது சாய்ந்ததும் அப்பா கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அத்தைதான் பரிமாறினாள், கன்னத்தில் விரல் தடம் சிவந்திருந்தது. அம்மா ஆணியிலிருந்து அந்த ஓட்டை மூடியை எடுத்து, குண்டானைச் சாய்த்து, கஞ்சியை வடித்தாள். அப்பா கஞ்சி வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார்.

"கையி எரியுதா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. புளித்தண்ணில கழுவிட்டேன்."

அப்பா தலையை ஆட்டினார். அம்மா பக்கம் திரும்பி இன்னும் கொஞ்சம் சோறு வை என்றார். என்னைத் தூதுவிடாமல் நேராகவே சொன்னார். அம்மாவும் நேராகவே, குழம்பு போதுமா என்று கேட்டாள். அறைந்தவர் நன்றாகச் சாப்பிட்டார். அறை வாங்கியவளும் அப்புறம் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாள். நான் மட்டும் பட்டினியாகப் படுத்தேன், இந்த வீட்டில் வெட்கம் மானம் உள்ளவள் நான் ஒருத்திதான் என்ற எண்ணத்தோடு.

கார் எங்களோடுதான் இருந்தது. பாய் ஓட்டைகளுக்கு பட்டி அடைத்துத் தேய்த்துக் கறுப்பு அடித்துக் கொடுத்தார். பானெட்டில் அந்தச் சின்ன பீடிங் மட்டும், மற்றதற்கெல்லாம் சேர்த்து, தனியாக மின்னிக்கொண்டிருந்தது. அந்தக் காரால்தான் நான் தர்மபுரியில் படித்து முடிக்கிறவரைக்கும் எங்கள் குடும்பம் ஓடியது. அத்தைக்குத் தொட்டியில் காரைக் கரைத்தவள் என்று ஒரு பேர் வந்தது. கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அத்தையும் கூடவே சிரிப்பாள், "எனக்கு எங்கீங்க புத்தி" என்பாள். இரண்டு வருஷம் கழித்துப் பாலக்கோட்டுப் பக்கம் கரும்பு வைத்திருந்த ஒருவர் சைக்கிளில் வந்து பெண் கேட்டார். பெண்ணுக்குக் கொஞ்சம் விவரம் போதாது என்று தரகர் தயங்கித் தயங்கிச் சொன்னதற்கு, வெகுளிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாராம். பீடிங் இல்லாத காரில்தான் அத்தை புருஷன் வீட்டுக்குப் போனாள். அப்பாதான் ஓட்டினார், வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்த அறைக்காக நான் அப்பாவை ரொம்ப காலம் மன்னிக்கவில்லை. எப்போது விளங்கியது என்று ஒரு நாளைச் சொல்ல முடியவில்லை, மெல்ல மெல்லத்தான் விளங்கியது. வந்த சம்பந்தத்தை வேண்டுமென்றே கெடுத்தவள் என்று மாரண்டஹள்ளிக்காரர் வாயிலிருந்து அந்தச் சொல் எங்கள் வாசலைத் தாண்டியிருந்தால், அதற்கப்புறம் அத்தையைக் கேட்டு எந்தச் சைக்கிளும் வந்திருக்காது. கூறு கெட்டவளுக்கு இடம் கிடைக்கும். வேண்டுமென்றே கெடுத்தவளுக்குக் கிடைக்காது. அந்தச் சொல்லை வாசலிலேயே நிறுத்த அப்பாவிடம் அந்த நொடியில் இருந்தது ஒரு கை மட்டும்தான்.

அத்தை தெரிந்தேதான் செய்தாள் என்று அடிக்கும்போதே அவருக்குத் தெரிந்திருந்ததா, அடித்த பிறகு மூடியைப் பார்த்துத்தான் தெரிந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் சொல்லவில்லை, அத்தையும் சொல்லவில்லை. காஸ்டிக் அலுமினியத்தை என்ன செய்யும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டிய வீடில்லை அது. அந்த மூடியில் வடித்த சோற்றைத்தான் அப்பா தினமும் சாப்பிட்டார். கன்னத்தில் அடித்துவிட்டு, கை எரிகிறதா என்று கேட்கிறாரே, இவருக்குக் கன்னம் எது கை எது என்றுகூடத் தெரியவில்லையே என்று அன்று மூலையில் உட்கார்ந்து நான் ஆத்திரப்பட்டேன்.